மாவுக்கட்டுக்குள் ஒரு கால்

அத்தியாயம் பதினொன்று

லிஃப்ட் குழிக்குள் விழுந்தவனைப் போன வாரம் ஸ்ட்ரெச்சரில் போட்டுவிட்டு நாம் பாட்டுக்குக் கிளம்பிவிட்டோம். அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலது முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு முறிந்திருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. தொடையிலிருந்து விரல் வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். வீக்கம் வடிந்ததும் உள்ளே கம்பி வைத்துவிடலாம் என்று எலும்பு டாக்டர் சொன்னார். ஆண்கள் எலும்பு வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. அந்த வார்டில்தான் அவனுடைய அண்ணி நர்ஸாக இருக்கிறாள்.

அதிர்ஷ்டம் என்று குடும்பமே சொன்னது. அண்ணியும் அப்படித்தான் நினைத்தாள்.

அவளுக்கும் மாமியாருக்கும் உள்ள பகை இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் பத்திரிகையைப் பிரிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. வேலையை விடச் சொன்னார் மாமியார். விடமாட்டேன் என்றாள் மருமகள். மாமியார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சின்ன மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசியதில்லை. அப்படிப்பட்ட மாமியார் நேற்றுச் சாயங்காலம் தானாகவே போன் செய்து, "நீ அங்க இருக்கேல்ல, எனக்கு அது போதும்மா" என்றார்.

போனை வைத்ததும் மருந்து அலமாரிக்குப் பின்னால் போய் நின்று ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்தாள் மருமகள். சந்தோஷ அழுகைதான்.

கால் முறிந்து கிடக்கிற சின்னவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் அவனுக்கு 'நாடகம்' என்று பட்டப்பெயர். விரலில் சிராய்ப்பு என்றால் உயில் எழுதுகிற முகத்தோடு உட்காருவான். ஒரு தடவை பல்வலி என்று கன்னத்தோடு துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு மட்டம் போட்டான். அன்று சாயங்காலம் டிவியில் அவனுடைய அணி கோல் போட்டதும், அதே துணியை அவிழ்த்துத் தலைக்கு மேலே சுழற்றினான். ஊரை ஏமாற்றுகிற ஆள் இல்லை. சிரிக்க வைக்கிற ஆள். இந்தக் குடும்பத்தில் சிரிப்பு என்று ஏதாவது மிச்சம் இருக்கிறது என்றால் அது அவன் புண்ணியம்.

நேற்று வார்டில் அவனைக் கட்டிலுக்கு மாற்றும்போது அவன் போட்ட சத்தத்தில் இரண்டு நர்ஸ்கள் பதறி ஓடிவந்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தத்தான் அண்ணி சிரித்துக்கொண்டே சொன்னாள். "பயந்துடாதீங்க. இவன் பேரே நாடகம். எது சொன்னாலும் பாதியக் கழிச்சுட்டுக் கேளுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே புறங்கையை நெற்றியில் வைத்து, உயிர் போகிற ராஜா மாதிரி கண்ணை மூடிக் காட்டினான். வேலை முடிந்து வீடு போய்ச் சேருவதற்குள் அண்ணி அதை மறந்தும் போய்விட்டாள்.

அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

காலையில் பணி மாறும்போது இரவு சிஸ்டர் ஒவ்வொரு கட்டிலாக ஒப்படைத்துக்கொண்டு வந்தாள். ஜன்னலோரக் கட்டில் வந்ததும் அவளுக்கு முன்கூட்டியே சிரிப்பு வந்துவிட்டது.

"உங்க கொழுந்தனார் தூங்கவும் இல்ல, தூங்க விடவும் இல்ல. வலி பத்துக்கு எவ்வளவுன்னு கேட்டா பன்னெண்டுங்கறார். ஊசி போட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டா மறுபடியும் பன்னெண்டு. நீங்க முன்னாடியே சொன்னதால பிழைச்சேன்."

விரல்கள் வெதுவெதுப்பாக இருக்கின்றன, நிறம் நன்றாக இருக்கிறது, பாதத்தில் நாடி அடிக்கிறது என்றும் சொன்னாள். அதைக் கேட்டதும் அண்ணிக்கு மனம் லேசானது. மற்றவர்களோடு சேர்ந்து அவளும் சிரித்தாள்.

அந்த வார்டில் ஒரு சட்டம் உண்டு. சொந்தக்காரர் படுத்திருக்கும் கட்டிலில் நர்ஸ் கை வைக்கக் கூடாது. இன்சார்ஜ் சிஸ்டர் போட்ட சட்டம். அவர் எலும்பு வார்டிலேயே தலை நரைத்தவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் மறுபேச்சு கிடையாது. அதனால் அண்ணிக்கு எதிர் வரிசைக் கட்டில்கள் கொடுக்கப்பட்டன. ஜன்னல் வரிசையை வேறொரு நர்ஸ் பார்த்துக்கொண்டாள். அவளும் நேற்றைய சிரிப்பில் கலந்துகொண்டவள்தான்.

வேலையைத் தொடங்கும் முன் அண்ணி அவன் பக்கம் திரும்பிக் கையசைத்தாள். அவன் கையைத் தூக்கினான்.

"அண்ணி, கால் செத்துப்போச்சு" என்றான்.

"நல்ல இடமாப் பார்த்து அடக்கம் பண்ணிடலாம்" என்றாள் அவள். பக்கத்துக் கட்டில்காரர் களுக்கென்று சிரித்தார். சின்னவன் சிரித்தானா என்று அவள் பார்க்கவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தையும் துண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எலும்பு வார்டில் காலை நேரம் ஒரு பெரிய குடும்பத்துக் கல்யாண வேலை மாதிரி. உடம்பு துடைத்துவிட வேண்டும். முதுகு சிவந்திருக்கிறதா, குதிகால் படுக்கையில் அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். கால் கட்டிலோடு கட்டப்பட்டவர்களை மூச்சை இழுத்து விடச் சொல்ல வேண்டும். படுத்தே கிடக்கிறவனுக்கு எலும்பு கூடுவதற்குள் நெஞ்சில் சளி கட்டிவிடும். இதையெல்லாம் செய்துகொண்டே அவன் வீட்டுக் கதையையும் கேட்க வேண்டும்.

அவள் இரண்டாவது கட்டிலில் இருந்தபோது மாமியார் வந்தார். இரண்டு தோளிலும் பை. பை முழுக்கத் தலையணை. நேற்றுப் போனில் மருமகள் சொல்லியிருந்தாள், காலை உயரமாக வைத்தால்தான் வீக்கம் வடியும் என்று. மாமியார் வீட்டில் இருந்த தலையணை எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். சோபாவில் கிடந்த குட்டித் தலையணைகளையும் விடவில்லை.

ஜன்னல் வரிசை நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அவர் அடுக்க ஆரம்பித்தார். மாவுக்கட்டு மெல்ல மெல்ல உயர்ந்தது. எதிர் வரிசையிலிருந்து அதைப் பார்த்த மருமகளுக்கு உள்ளம் குளிர்ந்துபோனது. கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த அம்மாள் அவள் பேச்சைக் கேட்டது இதுதான் முதல் தடவை. கிட்டே போய்ப் பார்த்தால் அந்த அழகு கலைந்துவிடும் என்பதுபோல, தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாவது கட்டில் தையல்காரருடையது. தொடை எலும்பு முறிந்து, காலிலிருந்து கயிறு கட்டி, கட்டில் முனையில் எடைக்கல் தொங்க விட்டிருந்தார்கள். கல் தரையில் முட்டாமல் தொங்குகிறதா என்று அவள் குனிந்து பார்த்தாள். அப்போது அவர் தணிந்த குரலில் பேசினார்.

"அந்த ஜன்னலோரத் தம்பி உங்க சொந்தமாம்மா?"

"என் வீட்டுக்காரரோட தம்பி."

"எல்லாரும் அவர் நடிக்கறார்னு சொல்றாங்க. எனக்கும் ராத்திரி தூக்கம் இல்ல, பார்த்துக்கிட்டே இருந்தேன். சிஸ்டர் வந்தா பன்னெண்டு, பதிமூணுன்னு ஏதோ சொல்லிச் சிரிக்க வைப்பார். அவங்க அந்தப் பக்கம் போனதும் போர்வையை வாய்ல திணிச்சுக்குவார். பார்க்க ஆளில்லாத நேரத்துல யாருக்கும்மா நடிக்கணும்?"

எடைக்கல்லைப் பிடித்திருந்த அவள் கை அப்படியே நின்றது.

நிமிர்ந்து ஜன்னல் பக்கம் பார்த்தாள். சின்னவன் யாரையும் பார்க்கவில்லை. முகத்தை ஜன்னலுக்குத் திருப்பி வைத்திருந்தான். ஒரு கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. மாமியார் ஏதோ கேட்டதற்கு அவன் பதில் சொல்லவில்லை. வாய் ஓயாதவன், பேச்சில்லாமல் கிடந்தான்.

பயம் என்றால் என்ன என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. வார்டு சட்டம் நினைவுக்கு வந்தது. வந்தும் நடந்தாள்.

"தம்பி, வலி எவ்வளவு இருக்கு?"

"எண்ணத் தெரியல அண்ணி" என்றான். திரும்பிப் பார்க்காமலேயே சொன்னான்.

மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களைத் தொட்டாள். வெதுவெதுப்புத்தான். அழுத்தி விட்டாள், வெளுத்து உடனே சிவந்தது. எல்லாம் இரவு சிஸ்டர் சொன்னபடிதான். இதுவரைக்கும் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் நிம்மதியாகப் போயிருக்கிறார்கள். அவள் பெருவிரலைப் பிடித்து, மிக மெதுவாக, கொஞ்சமே கொஞ்சம் மேலே வளைத்தாள்.

அவன் கத்தவில்லை. தொண்டையிலிருந்து ஏதோ ஒரு ஓசை வந்தது. முகம் சாம்பல் நிறமானது. மேலுதட்டில் வியர்வை பொடித்தது.

"வேண்டாம் அண்ணி. தொடாதீங்க."

பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் நகத்தால் கீறினாள். "இங்க தொடறது தெரியுதா?"

"எங்க?"

இன்னொரு முறை அழுத்திக் கீறினாள்.

"நீங்க இன்னும் தொடவே இல்லையே" என்றான்.

வாசகர்களில் நர்ஸ் வீட்டுக்காரர்கள் இருந்தால் இந்த இடத்தில் அவர்களுக்கு நெஞ்சு அடைத்திருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். காலின் சதையைச் சுற்றி உறை ஒன்று இருக்கிறது. அது ரப்பர் இல்லை, விரிந்து கொடுக்காது. எலும்பு முறிந்து உள்ளே ரத்தம் கசிந்து சதை ஊதும்போது, மழையில் ஊறிய கதவு சட்டத்துக்குள் இறுகுகிற மாதிரி அது அந்த உறைக்குள் இறுகும். மேலே மாவுக்கட்டு வேறு. பெரிய குழாயில் ரத்தம் ஓடுவதால் நாடி அடிக்கும், விரல் சிவப்பாகவே இருக்கும். ஆனால் உள்ளே சதை மூச்சுத் திணறிச் செத்துக்கொண்டிருக்கும். அதை வெளியே சொல்ல அந்தக் காலுக்கு வலியைத் தவிர வேறு வாய் கிடையாது. அந்த வாயைத்தான் நேற்று எல்லோரும் சிரித்து அடைத்திருந்தார்கள்.

அவள் முதலில் தலையணைகளை உருவினாள். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டாள். மாமியார் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தார்.

"உயரமா வைக்கச் சொன்னது நீதானே?"

"சொன்னேன் அத்தை. இப்ப நெஞ்சு மட்டத்துக்கு மேல இருக்கக் கூடாது. மேல போகப் போக இந்தக் காலுக்கு ரத்தம் ஏறாது."

மாமியார் கையை எடுத்துக்கொண்டார். கடைசியாக உருவிய தலையணை அவர் மடியில் விழுந்தது. அதை அவர் கீழே வைக்கவே இல்லை.

இன்சார்ஜ் சிஸ்டர் வந்தார். அதே விரலை ஒரு தடவை வளைத்துப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார். நேரே போனை நோக்கி நடந்தார். அவர் வார்டுக்குள் வேகமாக நடந்து இவள் பார்த்ததே இல்லை. டாக்டர் ஆபரேஷன் நடுவில் இருந்தார். அங்கிருந்தே உத்தரவு வந்தது. மாவுக்கட்டை இரண்டு பக்கமும் பிளந்துவிடுங்கள், தோல் தெரிகிற வரைக்கும், உள்ளே பஞ்சு ஒரு இழைகூடச் சுற்றியிருக்கக் கூடாது. வாய்க்கு ஒன்றும் கொடுக்காதீர்கள். இதோ வருகிறேன்.

அண்ணி மாவுக்கட்டு வெட்டும் ரம்பத்தை எடுத்து வந்தாள். இன்சார்ஜ் சிஸ்டர் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீ தலைமாட்டுல போய் நில்லு. இப்ப நீ நர்ஸ் இல்ல."

எத்தனையோ பேரின் தலைமாட்டில் நின்றிருக்கிறாள். ஒன்றும் ஆகாது, பயப்படாதீங்க என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். அந்த வார்த்தை இப்போது அவளுக்கே பொய்யாகத் தோன்றியது. அந்த ரம்பம் அதிரத்தான் செய்யும், தோலை வெட்டாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அது மாவுக்கட்டில் இறங்கியதும் கண்ணை மூடிக்கொண்டாள். சின்னவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். வெள்ளைத் தூசி எழும்பி அவன் தலைமுடியில் படிந்தது.

கட்டு இரண்டாகப் பிளந்தது. பஞ்சை வெட்டி ஒதுக்கினார்கள். உள்ளிருந்து தெரிந்த கெண்டைக்கால் பளபளவென்று இறுகிக் கிடந்தது. இன்சார்ஜ் சிஸ்டர் அதன் மேல் விரலை வைத்து அழுத்தினார். விரல் அமுங்கவே இல்லை.

"இப்ப பரவாயில்லையா தம்பி?" என்று கேட்டாள் அண்ணி.

பெரும்பாலும் கட்டைப் பிளந்ததும் ஆளுக்கு உயிர் வந்துவிடும். அவன் யோசித்தான். அவளைச் சந்தோஷப்படுத்த ஏதாவது சொல்ல முடியுமா என்று தேடுகிற மாதிரி இருந்தது அந்த முகம்.

"இல்ல அண்ணி. குறையல."

டாக்டர் தலைத் தொப்பியோடேயே வந்தார். காலைப் பார்த்தார், விரலைத் தொட்டார், பிறகு எல்லோரையும் பொதுவாகப் பார்த்துக் கேட்டார். "எப்பலேர்ந்து இப்படி?"

"ராத்திரியிலேர்ந்து" என்றார் இன்சார்ஜ் சிஸ்டர்.

"ராத்திரியிலேர்ந்து சொல்லவே இல்லையா இவர்?"

அண்ணிதான் பேசினாள். "அவன் சொல்லிக்கிட்டேதான் இருந்தான் டாக்டர். நாங்க நம்பல."

திட்டுவதற்கு அவருக்கு நேரமில்லை. குனிந்து சின்னவனிடமே சொன்னார். கெண்டைக்காலில் இரண்டு பக்கமும் நீளமாகத் திறந்துவிட வேண்டும். உறையை வெட்டினால்தான் சதை மூச்சு விடும். தைக்கமாட்டோம், சில நாள் திறந்தே இருக்கும். உள்ளே சதை உயிரோடு இருந்தால் கால் தப்பும். இல்லையென்றால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. அவன் கேட்டான்.

"அண்ணி, கால் போயிடுமா?"

"தெரியல தம்பி" என்றாள்.

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு பொய்யாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று அவன் நினைத்திருக்கலாம். லிஃப்ட் மெக்கானிக்கின் கால் அது. குழிக்குள் இறங்க, ஏணியில் நிற்க, ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு கம்பிவடத்தைப் பிடிக்க அவனுக்கு இருந்த மூலதனமே அதுதான். பேனாவை வாங்கி ஒப்புதலில் கையெழுத்துப் போட்டான். எந்த வேடிக்கையும் பேசாமல் போட்டான்.

ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு வெளியே ஒரு நீள பெஞ்ச். ஒரு முனையில் மாமியார், மறுமுனையில் மருமகள். இன்சார்ஜ் சிஸ்டர் அவளை வேலையிலிருந்து விடுவித்து அனுப்பியிருந்தார். நர்ஸ் உடையில் அந்தப் பெஞ்சில் அவள் உட்கார்ந்தது இதுவரை இல்லை. உள்ளே ஒவ்வொரு கட்டமும் எப்படி நடக்கும் என்று தெரிந்திருப்பதைப் போல ஒரு தண்டனை வேறு கிடையாது. இப்போது தோல். இப்போது உறை. இப்போது சதையின் நிறத்தைப் பார்ப்பார்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. பழுப்பாக இருந்தால், கிள்ளினாலும் துடிக்காமல் இருந்தால், அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மாமியார் பெரிய மகனுக்குப் போன் செய்தார். அவன் வெளியூர் பஸ் ஓட்டுகிறவன், பாதி வழியில் இருந்தான். சாயங்காலத்துக்குள் வந்து சேர்ந்துவிடுவான்.

"என் கையாலயே கெடுத்துட்டேன்டா" என்று அவனிடம் சொன்னார் மாமியார். "கால உயரமா வைன்னா ஒரு அளவு வேண்டாமா? மலை மாதிரி அடுக்கிட்டேன். போதும்மா, போதும்மான்னு அவன் சொன்னான். நான் கேக்கல. ரத்தம் ஏறாமப் போச்சாம்."

போனை வைத்த பிறகும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் போன ஒரு பணியாளரிடம்கூடச் சொன்னார். மடியில் தலையணை. ஒரு பொழுதுக்குள் முகம் வற்றிப்போய்விட்டது.

மருமகள் கேட்டுக்கொண்டிருந்தாள். சும்மா இருந்தால் போதும். தலையணை கெடுதல் செய்தது உண்மைதான், பொய் ஒன்றும் இல்லை. அடுக்கியதும் அவர்தான். கணவனும் அதை நம்புவான். இரவு சிஸ்டர் தன் தப்பையே வெளியே சொல்லப் போவதில்லை, இவள் வாய்விட்டதையா சொல்லப் போகிறாள்? நேற்றுத்தான் இந்த அம்மாள் வாயிலிருந்து 'அம்மா' என்று ஒரு வார்த்தை வந்தது. அதை ஒரு நாளிலேயே தொலைக்க யாருக்கு மனசு வரும்?

எழுதுகிற எனக்கே அவள் சும்மா இருந்துவிடமாட்டாளா என்று இருந்தது. ஆனால் மாமியார் தன் கையைத் தானே ஓங்கி அடித்துக்கொண்டார். இரண்டாவது தடவை அடிப்பதற்குள் மருமகள் எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துவிட்டாள்.

"அத்தை, தலையணை இல்ல. நீங்க வர்றதுக்கு முன்னாடியே, ராத்திரியிலேர்ந்தே கால் கெட ஆரம்பிச்சிருச்சு. அவன் ராத்திரி முழுக்க வலிக்குதுன்னு சொல்லியிருக்கான். யாரும் டாக்டரைக் கூப்பிடல. ஏன்னா நான்தான் நேத்து எல்லார்கிட்டயும் சொன்னேன். இவன் நாடகக்காரன், பாதியக் கழிச்சுட்டுக் கேளுங்கன்னு."

மாமியார் நிமிர்ந்து பார்த்தார். புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ராத்திரி எனக்கும் போன் பண்ணான்" என்றார். "அம்மா, தாங்க முடியலன்னான். எனக்குத் தெரியாதாடா உன்னைப் பத்தி, படுத்துத் தூங்குன்னு சொல்லி வெச்சுட்டேன். பெத்தவ நானே நம்பல."

மருமகளுக்குக் கண் நிறைந்தது. குற்றத்தைப் பங்கு போட ஆள் கிடைத்துவிட்டதாக ஒரு நொடி அவள் நினைத்துவிட்டாள். பிடித்த கையை விடாமல் பக்கத்தில் உட்காரப் போனாள்.

மாமியார் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"ஆனா நான் நர்ஸ் இல்லையேம்மா" என்றார்.

குரலை உயர்த்தவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். மருமகள் பெஞ்சின் மறுமுனைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

டாக்டர் வெளியே வந்தபோது தொப்பியைக் கழற்றியிருந்தார். பின்பக்கத்துச் சதை நன்றாக இருக்கிறது, வெட்டியதும் நிறம் திரும்பிவிட்டது என்றார். முன்பக்கத்தில் ஒரு பகுதி பழுப்பாக இருக்கிறது. உயிர் இருக்கிறதா இல்லையா என்று இப்போது சொல்ல முடியாது. இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் உள்ளே பார்க்க வேண்டும். அதுவரை எதுவும் கேட்காதீர்கள் என்றார். நடக்க ஆரம்பித்தவர் நின்று அண்ணியிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார். மயக்கம் தெளிந்ததும் விரலைக் கீழே அழுத்தச் சொல்லுங்கள், மேலே தூக்கச் சொல்லுங்கள். கீழே அழுத்துவது பின்பக்கம். மேலே தூக்குவது முன்பக்கம்.

மயக்கம் தெளிகிற அறையில் திரைச்சீலைக்குப் பின்னால் அவனைக் கிடத்தியிருந்தார்கள். வெயில் சரிந்து ஜன்னல் வழியாக அவன் போர்வை மேல் விழுந்தது. கெண்டைக்கால் முழுக்கப் பஞ்சும் துணியுமாக, விரல்கள் மட்டும் வெளியே. தலையை உயர்த்தக் கூடாது என்பதால் அவனுக்குக் கூரைதான் தெரியும். இன்சார்ஜ் சிஸ்டர் பக்கத்தில் நின்றார்.

"நீயே கேளு" என்றார். "அவனுக்கு இப்ப தெரிஞ்ச குரலா இருக்கணும்."

மாமியார் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டார். மருமகளின் பக்கம் திரும்பவில்லை.

"தம்பி" என்றாள் அண்ணி.

கண்ணைத் திறந்தான். உதடு காய்ந்திருந்தது. முதல் கேள்வியே அதுதான்.

"கால் இருக்கா அண்ணி?"

"இருக்கு."

"அம்மா சொன்னா நம்பமாட்டேன். நீங்க சொன்னா சரி."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"விரலைக் கீழ அழுத்து பார்க்கலாம்."

அவன் நெற்றி சுருங்கியது. விரல்கள், ஐந்தும் சேர்ந்து, கொஞ்சம் தயங்கிக் கீழே அழுந்தின. மாமியாரின் கை காற்றில் துழாவி வந்து மருமகளின் கையைப் பிடித்தது. யாருடைய கை என்று பார்த்துப் பிடிக்கவில்லை, பயத்தில் பிடித்தார். விடவும் இல்லை.

"இப்ப மேல தூக்கு. பெருவிரலை மட்டும். என்னைப் பார்த்துத் தூக்கு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பல்லைக் கடித்தான். கழுத்து நரம்பு புடைத்தது. இன்சார்ஜ் சிஸ்டர் குனிந்தார். மூன்று பெண்களும் அந்த ஒரு விரலையே பார்த்தார்கள். அது அசையவில்லை.

அவன் மூச்சை விட்டான். முகம் தளர்ந்தது. நேற்றுக்குப் பிறகு முதல் தடவையாக அவன் உதட்டில் சிரிப்பு வந்தது.

"தூக்கிட்டேன்" என்றான். "நல்லா தூக்கினேன்ல அண்ணி?"